ஆனிங் துணி போனால் முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர், ஏப்ரல் 6

டெம்போ டிராவலர் ஒன்றைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடு மாதிரி மாற்றி வைத்திருக்கிறோம். இடப்பக்கம் சுருட்டுகிற ஆனிங், அதாவது வெயிலுக்கும் மழைக்கும் வண்டியோரம் விரிக்கிற துணிப் பந்தல். அமெரிக்க மாடல், கொக்கிக் கம்பியால் இழுத்து விரிப்பது, உள்ளே ஸ்பிரிங். வண்டி தெருவில்தான் நிற்கிறது. இப்போது மேல் ஓரத்தில் துணி பொடிப்பொடியாக உதிர்கிறது. நடுவில் ஒரு தையல் பிரிந்து வானம் தெரிகிறது. விசாரித்த இடத்தில் துணி தனியாக வராது, முழு செட்டும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஒரு சில்பாலின் தார்ப்பாயை வாங்கிக் கட்டிவிடு என்கிறார்கள். அண்ணன்மார் யாராவது மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

ஏப்ரல் 6, இரவு

முழு செட்டு வாங்காதீர்கள் தம்பி. துணியை மட்டும் மாற்றலாம். என் வண்டியில் மாற்றியிருக்கிறேன், தண்டையார்பேட்டையிலேயே, நம் ஆட்களை வைத்தே.

அந்த ஆனிங்கில் என்ன இருக்கிறது? ஒரு அலுமினியக் குழாய், அதன் இரு முனையிலும் ஸ்பிரிங், தாங்குவதற்கு இரண்டு கைகள், அப்புறம் துணி. வெயிலில் சாகிறது துணி ஒன்றுதான். குழாய் வளையாமல், கைகள் நெளியாமல், ஸ்பிரிங் விசையோடு இழுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் இன்னும் பல துணிகளைப் பார்க்கும்.

துணி எப்படி நிற்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்துத் தைத்து, மடிப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் கயிறு விட்டிருப்பார்கள். மேல் கயிறு வண்டிக் கூரையோரம் திருகியிருக்கும் அலுமினியப் பட்டையின் பள்ளத்துக்குள் ஓடுகிறது. கீழ்க் கயிறு குழாயின் பள்ளத்துக்குள். பசை கிடையாது. பக்கவாட்டில் உருவினால் வந்துவிடும், பக்கவாட்டில் செருகினால் ஏறிவிடும். லாரிக்குப் படுதா தைக்கிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை, ஆனால் மூன்று விஷயங்களை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்: எந்தத் துணி, எந்த நூல், எந்தப் பருமனில் கயிறு. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 7, காலை

துணி வாங்க ஓடுவதற்கு முன்னால் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: மேல் ஓரம் உதிர்கிறது.

இந்த வகையில் சுருட்டும்போது குழாய் வண்டியை நோக்கி ஏறுகிறது. கடைசியாகச் சுற்றிக்கொள்வது கூரையை ஒட்டிய பகுதி. ஆக ஆனிங் மூடியிருக்கும் நாளெல்லாம், வருடம் முழுக்க, வெளியே தெரிகிற ஒரே பகுதி துணியின் அந்த மேல் ஓரம்தான். விரித்து உட்காருகிற நேரம் எவ்வளவு இருக்கும்? தெருவில் மூடி நிற்கிற நேரம்தான் அதிகம். அந்த நேரத்து வெயில் மொத்தமும் அந்த ஓரத்தின் தலையில். அதனால்தான் நல்ல ஆனிங்குகளில் அந்த இடத்தில் மட்டும் கெட்டியான வினைல் பட்டையோ மெல்லிய உலோகத் தகடோ சேர்த்து, மூடும்போது அது உறை மாதிரி வெளியே சுற்றிக்கொள்ளும்படி செய்கிறார்கள். ஃபியாமா, தூலே போன்ற ஐரோப்பியப் பெட்டி வகையில் துணி முழுதாக அலுமினியப் பெட்டிக்குள் போய்விடும், இந்தத் தொல்லையே இல்லை.

உங்களுடையதில் அந்த உறைப் பட்டை இருந்ததா, இருந்து அதுதான் உதிர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பட்டை மட்டும் போய், கீழே துணி இழுத்தால் கிழியாமல் இருந்தால், பட்டையை மட்டும் மாற்றித் தைத்து முடித்துவிடலாம். கிழிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? நடுத்துணியில் ஒரு இடத்தை இரண்டு கைக் கட்டைவிரலுக்கு நடுவே பிடித்துச் சுண்டி இழுங்கள். நல்ல துணி முறுக்கிக்கொண்டு நிற்கும். போன துணி அப்பளமாக விட்டுவிடும்.

ஏப்ரல் 7, மதியம்

சில்பாலின் பற்றி: மோசமான பொருள் இல்லை. மழைக்குக் கூரை மேல் போட்டுக் கயிறு கட்ட நல்லது. குழாயில் சுருட்டுவதற்கு ஆகாது. தையல் ஊசி இறங்கிய ஓட்டை ஒவ்வொன்றும் கிழிசலுக்கு வாசல். கயிறு விட மடிப்பு தைக்காமல் ஆனிங் பள்ளத்தில் எப்படிப் போகும்? நீலத் தார்ப்பாய் இன்னும் மோசம், அது பாலித்தீன் பின்னல், புற ஊதாத் தடுப்புக் கலவை பெயருக்குத்தான் இருக்கும். ஒரு கோடை தாண்டினால் நீல மாவாகக் கையில் ஒட்டும்.

ஏப்ரல் 9

பட்டை இல்லை, துணியே உதிர்கிறது என்கிறார் தம்பி. அப்படியானால் முழுத் துணி. சரி.

நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. என் பழைய துணியை அவிழ்த்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் படுதா தைக்கும் பாயிடம் போனேன். அவர் அதை மடியில் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணி நல்லாத்தான் கீது சார். நூலுதான் பூட்ச்சி." தையல் வரியில் நகத்தை வைத்து ஒரு கீறு கீறினார். நூல் தூசியாகப் போனது. இரண்டு பாகத் துணியும் தனித்தனியாகக் கையில் வந்தது, துணியில் ஒரு காயம் இல்லை.

காரணம் எளிமையானது. துணி நெருக்கமான நெசவு, மேல் இழை கீழ் இழைக்கு நிழல். தையல் நூல் துணிக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்கு எந்த நிழலும் இல்லை. அதுவும் மெல்லிய நூல். அதனால் துணிக்கு முன்னால் தையல் போகும். சாதாரண பாலியெஸ்டர் நூலே நம் வெயிலில் சில கோடைகளில் தளர்ந்துவிடும். நைலான் நூல் இழுவைக்குப் பலம், வெயிலுக்கு அதைவிட மோசம். காசிமேட்டில் வலை சரிபார்க்கிறவர்களைக் கேளுங்கள், கரையில் கிடக்கும் நைலான் வலையை ஏன் படுதா போட்டு மூடுகிறார்கள் என்று. பருத்தி நூல் பூஞ்சை பிடித்து மக்கும்.

வெயிலுக்கு அசையாத நூல் ஒன்று உண்டு: பிடிஎஃப்இ நூல், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே பொருள். கோர் நிறுவனத்தின் டெனாரா இந்த வகை. விலை அதிகம், ஆனால் ஒரு ஆனிங்குக்கு ஒரு சின்ன உருளையே தாராளம். அது கிடைக்கவில்லை என்றால், புற ஊதாத் தடுப்பு உள்ள தடித்த பாலியெஸ்டர் நூல், வெளிப்புற வேலைக்கென்றே விற்பது. வெள்ளை வேண்டாம், கறுப்பு கேளுங்கள். கறுப்புக்குக் காரணம் உண்டு. சாயத்துக்குப் பதில் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக்கில் அந்தக் கரியே கதிரை வாங்கிக்கொள்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஏப்ரல் 15

புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அதற்குள் ஒருவர் கேட்டிருக்கிறார், வெளிநாட்டில் பத்து வருடம் உழைக்கிற துணி இங்கே ஏன் பாதியில் போகிறது என்று.

நாம் 13 பாகை வடக்கில் இருக்கிறோம். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருடத்தில் இரண்டு முறை வருகிறது, ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. அந்த நாட்களில் நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழல் காலடியிலேயே விழும். கதிர் காற்று மண்டலத்தைக் குறுக்குவழியில் கடந்து வருவதால் புற ஊதாக் கதிர் அதிகம் தப்பி வருகிறது. குளிர்நாட்டில் பனிக்காலம் முழுக்க வண்டியை மூடி ஓரம் கட்டிவிடுவார்கள், துணிக்கு அது ஓய்வு. நம் துணிக்கு மார்கழியிலும் வெயில்தான்.

அதோடு கடல் காற்று, உப்பு. உப்பு துணியை நேராக அரிப்பதில்லை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் தூசி ஒட்டும், தூசி இருந்தால் பூஞ்சை வரும்.

ஏப்ரல் 20

எந்தத் துணி. இதில்தான் நீங்கள் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு குடும்பம். ஒன்று பிவிசி பூசிய பாலியெஸ்டர், அமெரிக்கர்கள் வினைல் என்பது. நடுவில் பாலியெஸ்டர் வலை, இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. துடைத்தால் சுத்தம். விலை குறைவு. இதன் சாவு எப்படி வரும் என்றால், பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், தண்ணீர்க் குழாய் மாதிரி. அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு சேர்மானம் கலக்கிறார்கள். சூட்டில் அந்தச் சேர்மானம் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. மிச்சம் விறைத்துப்போய், சுருட்டுகிற மடிப்பில் வெடிக்கிறது. முதலில் மயிரிழைக் கோடு, அடுத்த மழையில் ஒழுக்கு.

இன்னொன்று அக்ரிலிக் நெசவு. இழையை நூற்ற பிறகு சாயம் தோய்ப்பதில்லை. இழையாக இழுப்பதற்கு முன்பே கரைசலில் நிறமி கலந்துவிடுகிறார்கள், அதனால் நிறம் இழைக்குள்ளேயே இருக்கிறது, வெளுப்பது மிக மெதுவாக. 1961இல் கிளென் ரேவன் நிறுவனம் சன்பிரெல்லா என்ற பெயரில் இதைக் கடைவாசல் ஆனிங்குகளுக்காகக் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கேயும் பருத்திக் கித்தான்தான், நம் பழைய டீக்கடை வாசல்களில் தொங்கியதைப் போல. அக்ரிலிக் எடை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம். காற்று ஊடுருவும், கீழே உட்கார்ந்தால் புழுக்கம் குறைவு. ஆனால் தண்ணீரை உருட்டிவிடும், முழுக்கத் தடுக்காது. தேங்கி நின்றால் கசியும்.

என் தேர்வு அக்ரிலிக். பழவேற்காட்டுப் பக்கம் நாங்கள் அடிக்கடி போவோம், ஏரிக்காற்றில் அதன் கீழே மதியம் படுத்தால் தூக்கம் வருகிறது. வினைலின் கீழே படுத்தால் வேர்க்கிறது. வெயிலுக்காக விரிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை.

ஏப்ரல் 21

மாதவரத்திலிருந்து எழுதிய நண்பருக்கு: லாரிப் படுதாவையே போட்டால் என்ன என்கிறீர்கள். அது கெட்டி என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கெட்டிதான் இடைஞ்சல். 600 ஜிஎஸ்எம், 650 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்) துணியைக் குழாயில் சுற்றினால் உருளை பருத்து, கைகள் முழுதாக மூடாது. அந்த எடையை ஸ்பிரிங்கும் தூக்க மறுக்கும், நடுவில் தொங்கும். பழைய துணியில் ஒரு சாண் வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே தடிமன், அல்லது அதைவிட மெல்லியது. பாரிமுனை, பிராட்வே சந்துகளில் படுதா விற்கிறவர்கள் விரலால் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

மே 3

அளவு. இதில் நிறைய பேர் தவறான துணியை வாங்கியிருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியில் 15 அடி ஆனிங் என்று போட்டிருந்தால் துணி 15 அடி இல்லை. அந்த எண் ஒரு கையின் நடுவிலிருந்து மறு கையின் நடு வரைக்குமான தூரம். துணி அதைவிடச் சுமார் ஒரு அடி குறைவாக இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். வெளிநாட்டிலிருந்து தைத்த துணி தருவிக்கிறீர்கள் என்றால் கைக்கு கை அளவைக் கேட்பார்கள். இங்கே தைக்கிறீர்கள் என்றால் பழைய துணியையே அளக்க வேண்டும், பள்ளத்திலிருந்து உருவி, தரையில் விரித்து. மேல் ஓரம் ஒருமுறை, கீழ் ஓரம் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. பழைய வினைல் நடுவில் இழுபட்டு நீண்டிருக்கும். ஓர அளவை நம்புங்கள்.

வெளியே இழுக்கும் நீளத்தில் குழாயில் எப்போதும் ஒரு சுற்றாவது மிச்சம் சுற்றியிருக்க வேண்டும். கடைசி வரை அவிழ்ந்தால் இழுவை முழுதும் அந்தக் கயிற்று மடிப்பின் மேல் வரும்.

மே 4

மணலியிலிருந்து: பழைய துணிமேல் பெயின்ட் அடித்தால்? அடித்தால் நிறம் வரும். அறுந்த இழை திரும்ப வராது. புற ஊதாக் கதிர் செய்கிற வேலை இழைக்குள் இருக்கும் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுப்பது. மேலே எதைப் பூசினாலும் அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது.

தையல் மட்டும் போய்த் துணி நன்றாக இருந்தால் பெயின்டும் வேண்டாம், புதுத் துணியும் வேண்டாம். நல்ல நூலில் பழைய ஓட்டைகளிலேயே மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

மே 18

தம்பி இந்த ஞாயிறு பிரிக்கப் போகிறாராம். படித்துவிட்டுப் பிரியுங்கள். படிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

குழாய் முனைகளில் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் முறுக்கேறியே இருக்கிறது. ஆனிங்கின் தாங்கும் கையிலிருந்து குழாயைக் கழற்றிய நொடியில், தடுக்காமல் விட்டால், முனை மூடியும் அதோடு இருக்கும் இரும்பும் சுழன்றடிக்கும். விரலை உடைக்கும், மணிக்கட்டை உடைக்கும். தனியாகச் செய்யாதீர்கள். மூன்று பேர் வேண்டும், இரண்டு ஏணி வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் வீட்டுக்குள் அனுப்புங்கள்.

முனை மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சுழற்றினால் உள்ளிருக்கும் ஓட்டையோடு நேராகும். அதில் ஒரு தடித்த கம்பியைச் செருகி வளைத்துவிட்டால் ஸ்பிரிங் பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு கைகளின் போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக்கொண்டு, கூரையோர அலுமினியப் பட்டையின் இரு முனையிலும் துணியை நகராமல் பிடித்திருக்கும் குட்டித் திருகாணிகளை எடுத்துவிட்டு, மொத்தத்தையும் பக்கவாட்டில் உருவ வேண்டும். எந்தப் பக்கம் உருவுவது என்று முன்பே பாருங்கள். பதினைந்து அடி நீளம் உருவ, பக்கத்தில் இன்னொரு பதினைந்து அடி காலி இடம் வேண்டும். நம் தெருக்களில் இதுதான் சிக்கல். விடியற்காலையில், பைக்குகள் வந்து நிற்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

தரையில் இறக்கியபின் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டியிருந்தால், பூட்டுப் பிளையரால் தண்டைக் கெட்டியாகப் பிடித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக விட வேண்டும். எத்தனை சுற்று அவிழ்கிறது என்று எண்ணிச் சுவரில் எழுதுங்கள். இடப்பக்க ஸ்பிரிங் ஒரு திசை, வலப்பக்க ஸ்பிரிங் எதிர்த்திசை. மூடியிலும் குழாயிலும் சேர்த்து ஒரு கோடு மார்க்கரால் இழுத்து வையுங்கள், திரும்பப் போடும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். மூடி ரிவெட் அடித்தது என்றால் ரிவெட்டை டிரில் செய்துதான் எடுக்க வேண்டும். திரும்ப அடிக்கும்போது அலுமினிய ரிவெட்டே அடியுங்கள். இரும்பு ரிவெட்டும் அலுமினியமும் உப்புக் காற்றில் ஒன்றாக இருந்தால் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும். கடலோரத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

மே 19

பள்ளத்தைப் பற்றி எழுத விட்டுப்போனது. துணி வெளியே வந்ததும் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மண், உப்பு, குளவிக்கூடு எல்லாம் இருக்கும். பள்ளத்தின் வாய் கூர்மையாக இருந்தால் அரத்தால் மழுக்கி, சிறிது அகட்டுங்கள். புதுத் துணி ஏறும்போது கிழிவது அங்கேதான். ஏற்றுவதற்கு சிலிகான் ஸ்பிரே, அல்லது சோப்புத் தண்ணீர். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், மணலைச் சேர்க்கும்.

குழாயில் பள்ளம் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்றில் துணி, மற்றதில் முன்னால் ஆடும் தொங்கலும் இழுக்கும் பட்டையும். எதில் எது இருந்தது என்று போட்டோ எடுங்கள்.

கயிற்றுப் பருமன்: பழையதில் ஒரு விரல் நீளம் வெட்டிப் புதுக் கயிற்றோடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே தைக்கக் கொடுங்கள். மெலிந்தால் இழுவையில் பள்ளத்தை விட்டுத் துணி பிய்த்துக்கொண்டு வரும், தடித்தால் ஏறாது. பருத்திக் கயிறு கூடாது. சீட் தைப்பவர்கள் பீடிங்குக்கு உள்ளே விடும் பிளாஸ்டிக் கயிறு பல பருமனில் கிடைக்கும்.

ஜூன் 2

தைக்கக் கொடுத்தாயிற்றாம். அக்ரிலிக். தையலைப் பற்றி இரண்டு யோசனை, பாயோடு உட்கார்ந்து பேசியதில் வந்தவை.

அக்ரிலிக் துணி ஒரே அகலத்தில் பதினைந்து அடிக்கு வராது, பாகங்களைத் தையலால் ஒட்ட வேண்டும். ஒட்டு கூரையிலிருந்து வெளியே ஓடுகிற திசையில் இருக்க வேண்டும், தண்ணீர் ஒட்டோடு வழிந்து போகும். குறுக்கே ஒட்டினால் தண்ணீர் ஒட்டில் நின்று ஊறும். அதே நேரம், வெளியே ஓடும் ஒட்டு சுருட்டும்போது தன்மேலேயே ஒவ்வொரு சுற்றும் ஏறுகிறது. நாலு மடிப்பு வைத்துக் கெட்டியாகத் தைத்தால் அந்த இடத்தில் மட்டும் உருளை புடைக்கும், பக்கத்துத் துணி சுருங்கி அலை அலையாகும். பாய் பழக்கத்தில் லாரிப் படுதா மடிப்பு போடத்தான் கையெடுத்தார். அகலமான ஒற்றை ஏற்றம், இரண்டு வரித் தையல், அவ்வளவு போதும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு ஓரத்துண்டில் தைத்து, கைக்குள் சுருட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நெருக்கமான தையல் பலம் என்று நினைப்பதும் உண்டு. இந்தத் துணியில் நெருக்கித் தைத்தால் ஓட்டைகள் தபால்தலை ஓரமாகி அந்த வரியிலேயே கிழியும். நீளத் தையல், நாலு மில்லிமீட்டர் சுமார்.

மேல் ஓரத்தில் உறைப் பட்டை. இதை மறக்கவே கூடாது, இந்தக் கேள்வி பதிலே இதற்காகத்தான் ஆரம்பித்தது. குழாயை மூடிய நிலையில் ஒரு நூலால் சுற்றளவு அளந்து, அதற்கு மேல் ஒரு கையகலம் கூட்டி, நல்ல வினைலில் வெட்டி மேலே சேர்க்கச் சொல்லுங்கள். மூடியிருக்கும்போது வெயில் அதன்மேல் விழட்டும். அது போனால் அதை மட்டும் மாற்றலாம்.

ஜூன் 23

போட்டோ பார்த்தேன். அழகாக இருக்கிறது. அந்தப் பச்சை நிறம் நல்ல தேர்வு.

சுருட்டும்போது ஒரு பக்கம் வெளியே நழுவிக்கொண்டு போகிறது என்கிறீர்கள். துணி மேல் பட்டையிலும் குழாயிலும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. முழுக்க விரித்து, நழுவுகிற பக்கத்துக்கு எதிராக மேல் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சுருட்டிப் பாருங்கள். நேராக வந்ததும் அந்தக் குட்டித் திருகாணிகளை இரு முனையிலும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தில் மறுபடி நகரும்.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. ஒரு கையை மற்றதைவிட ஓரடி தாழ்த்தி வையுங்கள், தண்ணீர் ஒரு மூலையில் கொட்டட்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவில் குளம் கட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் தேங்கினால் 50 லிட்டர். 50 கிலோ நடுத்துணியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். குழாய் வளைவது இப்படித்தான்.

காற்று எழும்பினால் சுருட்டுங்கள். கைகளைக் கயிறு போட்டுக் கட்டினால் தாங்கும் என்று எழுதியவருக்கு, 2016 டிசம்பர் 12, வர்தா. எங்கள் தெருவில் கட்டிப் போட்ட தகரச் சாய்ப்பே கட்டோடு பறந்தது. துணி எந்த மூலைக்கு? புயல் அறிவிப்பு வந்தால் சுருட்டி, குழாயோடு சேர்த்துக் கைகளைப் பட்டையால் இறுக்கிவிடுங்கள்.

நனைந்ததைச் சுருட்ட வேண்டி வரும், வேறு வழியில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ வெயில் எட்டிப் பார்த்ததும் விரித்துக் காயவிடுங்கள்.

நவம்பர் 9

ஏப்ரலில் அக்ரிலிக்தான் என்று எழுதினேன். இந்த மழையில் வந்த கேள்விகளைப் படித்தபின் இப்போது யோசிக்கிறேன், அது வெயிலுக்கு விரிக்கிறவர்களுக்கான பதில். தங்கச்சாலைப் பக்கம் வண்டியிலேயே இட்லிக்கடை நடத்துகிற ஒரு அக்கா கேட்டிருந்தார், மழையிலும் விரித்தே வைக்க வேண்டும், கீழே அடுப்பு, எண்ணெய்ப் புகை. அவருக்கு வினைல்தான். எண்ணெய்ப் பிசுக்கு அக்ரிலிக் நெசவுக்குள் இறங்கினால் போகாது, அந்தப் பிசுக்கில் தண்ணீரை உருட்டும் குணமும் கெடும். வினைலைத் துடைத்துவிடலாம். சில வருடத்தில் விறைக்கும், அப்போது மாற்றலாம், விலையும் பல மடங்கு குறைவு. அடுப்பை மட்டும் துணிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம் அக்கா, தகர மறைப்புக்கு அடியில் வையுங்கள்.

கழுவுவது இரண்டுக்கும் ஒன்றுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், மிருதுவான சோப்பு, மென்மையான பிரஷ். நிறைய அலசுங்கள், சோப்பு மிச்சம் நின்றால் தண்ணீர் உருளாது. வினைலில் பிளீச்சிங் வேண்டாம்.

எவ்வளவு அடிக்கடி என்று கேட்கிறார்கள். நம் பக்கத்துத் தூசியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாம்பல் வேட்டியை எடுப்போம். உயர் நீதிமன்றம் சொல்லி 2011இல் அது எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது, எண்ணூர்க்காரர்களுக்குச் சுமை கூடியது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது. பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை, மேலே படிந்த அழுக்கைத் தின்கிறது. அதனால் எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது விரித்து வெறும் தண்ணீரால் அடித்து விடுங்கள். மற்றவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் கழுவினால் போதும்.

நவம்பர் 10

கடைசியாக ஒன்று, தம்பி கேட்டது. மிச்சத் துணியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முழத் துண்டு, மிச்ச நூல், ஒரு வளைந்த ஊசி, மூன்றையும் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். மரக்கிளை குத்தி ஓட்டை விழுந்தால் ஒட்டுத்துண்டை மூலை வட்டமாக வெட்டி, மேல் பக்கம் ஒன்று அடிப் பக்கம் ஒன்று வைத்துத் தையுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை முதலில் எழும்பும்.

பாயின் கடை எங்கே என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், இப்போது மழைக்காலம், லாரிப் படுதா வேலையே குவிந்து கிடக்கிறது.